குறையின் காரணமும் குருத்தணுவின் சாட்சியும்

ஊனத்தோடோ வளர்ச்சிக் குறைவோடோ ஒரு குழந்தை பிறந்துவிட்டால், அதற்குக் காரணம் யாது என்ற வினா அந்த வீட்டாரின் உள்ளத்தில் முழு உருப்பெறுவதற்கு முன்பே, அதற்குரிய விடைகள் அண்டை அயலில் தயாராகிவிடுவது நம் நாட்டு வழக்கம். கிரகணத்தன்று பிள்ளைத்தாய்ச்சி வாசல் தாண்டினாள் என்பார் ஒருவர். பூர்வ ஜன்ம வினை என்பார் மற்றொருவர். அக்காள் மகளைக் கட்டினால் இப்படித்தான் ஆகும் என்று, தாமும் முறைப்பெண்ணையே மணந்து ஆரோக்கியமான மக்களைப் பெற்று வளர்த்த பெரியவர் ஒருவர் தீர்ப்புச் சொல்வார். விடைகள் பலவாயினும் அவற்றுள் பெரும்பாலானவை கடைசியில் போய் விழும் இடம் பெற்றவளின் தலைதான்.

திருநெல்வேலி மாவட்டத்தின் தென்கோடியிலே, இராதாபுரம் தாலுகாவைச் சேர்ந்த கூடங்குளத்தில், இந்தப் பழைய விடைகளோடு புதிய விடையொன்றும் சேர்ந்துகொண்டது. 1988-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் இந்தியாவும் சோவியத் யூனியனும் செய்துகொண்ட ஒப்பந்தத்தின் பயனாக, 2002-இல் கட்டுமானம் தொடங்கி, 2013 ஜூலையில் முதல் அணு உலையிலும் 2016 ஜூலையில் இரண்டாவது உலையிலும் தொடர்வினை தொடங்கிற்று. ஒவ்வொன்றின் திறனும் 1000 மெகாவாட். அதற்கு முன்னமே, 2011-இல் ஜப்பானின் ஃபுகுஷிமாவில் நேர்ந்த விபத்தைக் கேள்வியுற்று அஞ்சிய கடற்கரை மக்கள் இடிந்தகரை லூர்து மாதா கோயிலின் முன்னே பந்தலிட்டு அமர்ந்தபோது, அங்கே எழுந்த கவலை மீன்பாட்டைப் பற்றியது மட்டுமன்று. வயிற்றில் வளரும் பிள்ளையைப் பற்றியதுமாகும்.

அந்தக் கவலையை அறியாமை என்று ஒதுக்குவோரும், அதற்கு விடை ஏற்கெனவே தெரிந்துவிட்டது என்று முழங்குவோரும் உண்மையில் ஒரே பிழையைச் செய்கிறார்கள். இரு சாராரும் குறையைக் கண்ட மாத்திரத்தில் காரணத்தையும் கண்டுவிட்டதாக எண்ணிக்கொள்கிறார்கள். பிறவிக் குறைகள் பெரும்பாலும் தம் காரணத்தின் கையொப்பத்தைத் தாங்கி வருவதில்லை. மரபணுவில் நேர்ந்த ஓர் எழுத்துப் பிழையைப் பார்த்து, இது கதிர்வீச்சால் வந்தது, இது உறவு மணத்தால் வெளிப்பட்டது, இது தற்செயலாக நேர்ந்தது என்று வாசித்துச் சொல்ல எந்த நிபுணராலும் இயலாது. ஆகவே காரணத்தைத் தேடித்தான் செல்ல வேண்டும்; தேடுவதற்கு விஞ்ஞானம் மூன்று வழிகளை அறியும். ஜனத்தொகையை எண்ணிப் பார்ப்பது ஒன்று. குடும்பத்தின் பரம்பரையைத் துருவிப் பார்ப்பது மற்றொன்று. உயிரணுவையே அழைத்து விசாரிப்பது மூன்றாவது. இம்மூன்றாவது வழி மிக அண்மையில் திறந்தது. அதன் அருமையை உணர வேண்டுமானால், முதல் இரண்டும் எதுவரை நம்மைக் கொண்டுசெல்லும் என்பதைத் தெரிந்துகொள்வது அவசியம்.

கதிர்வீச்சுக்கு அஞ்சுவதற்கு ஆதாரம் இல்லாமல் இல்லை. 1927-இல் ஹெர்மன் முல்லர் என்ற அமெரிக்க விஞ்ஞானி பழ ஈக்களின்மீது எக்ஸ் கதிர்களைச் செலுத்தி, அவற்றின் சந்ததியில் பரம்பரை மாற்றங்கள் பன்மடங்கு பெருகுவதை மெய்ப்பித்தார். அதற்காக 1946-இல் நோபல் பரிசும் பெற்றார். ஆனால் முல்லர் ஈக்களுக்கு அளித்தது பேரளவு. நாம் வினவுவதோ சிற்றளவைப் பற்றி. மண்ணிலிருந்தும் பாறையிலிருந்தும் காற்றிலிருந்தும் விண்ணிலிருந்தும் மனிதர் ஒவ்வொருவரும் ஆண்டுக்குச் சராசரி 2.4 மில்லிசீவெர்ட் கதிர்வீச்சை இயல்பாகவே பெறுகிறோம். அணுமின் நிலையத்தால் பொதுமக்களுக்கு அதற்கு மேல் சேர்வது ஆண்டுக்கு 1 மில்லிசீவெர்ட்டைத் தாண்டலாகாது என்பது விதி. இத்தகைய சிற்றளவு தலைமுறை தலைமுறையாகத் தொடர்ந்தால் சிசுக்களுக்கு என்ன நேரும் என்பதை ஆராய்வதற்கு, இயற்கையே கூடங்குளத்துக்கு மேற்கே ஒரு பரிசோதனைச் சாலையை அமைத்து வைத்திருக்கிறது.

குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சியிலும், அதற்கு அப்பால் கேரளத்தில் நீண்டகரையிலிருந்து புறக்காடு வரையில் நீளும் 55 கிலோமீட்டர் கடற்கரையிலும், தோரியம் பொதிந்த மோனசைட் மணல் கரும்படலமாகப் படிந்து கிடக்கிறது. அந்தக் கேரளக் கரையில் வீட்டுக்கு வீடு கதிர்வீச்சு வேறுபடுகிறது. ஆண்டுக்கு 1 மில்லிகிரேக்கும் (இவ்வகைக் கதிருக்கு இது ஏறத்தாழ ஒரு மில்லிசீவெர்ட்டுக்கு ஈடு) குறைவாகப் பெறுவோரும் உண்டு, 45 மில்லிகிரே வரை பெறுவோரும் உண்டு. உலை அங்கில்லை, ஆனால் உலையைக் குறித்து நாம் அஞ்சுகிற பொருள் எத்தனையோ தலைமுறையாக அம்மக்களின் காலடியிலேயே இருந்துவருகிறது.

1976-இல் கொச்சுப்பிள்ளை முதலிய இந்திய மருத்துவர்கள், அக்கரையில் டவுன் நோய்க்குறியுடைய குழந்தைகள் அதிகமாகக் காணப்படுவதாக 'நேச்சர்' இதழில் எழுதியபோது, உலகமே அப்பகுதியைத் திரும்பிப் பார்த்தது. பின்னர், 1995 முதல் 2011 வரை, பாபா அணு ஆராய்ச்சி நிலையத்தின் கொல்லம் ஆய்வுக்கூடத்தார் அப்பகுதி மருத்துவமனைகளில் பிறந்த சிசுக்களை ஒன்று விடாமல் பார்த்துப் பதிந்து வந்தனர். அவர்கள் பார்த்த 1,41,540 சிசுக்களுள் 615 பேர் இறந்தே பிறந்தனர். 1,370 பேருக்குப் பெரிய பிறவிக் குறைகள் இருந்தன. இவ்விரண்டு எண்ணிக்கைகளும், கதிர்வீச்சு மிகுந்த வீடுகளில் கூடவும் இல்லை, குறைந்த வீடுகளில் தாழவும் இல்லை. அறிவு வளர்ச்சிக் குறைவையும் பிளவுதட்டையும் தனியே எடுத்துக்கொண்டு செய்த ஆய்வும் 2012-இல் இதே முடிவைத் தந்தது.

அணுசக்தித் துறையைச் சேர்ந்தவர்களே எண்ணிய எண்ணிக்கையை எவ்வாறு நம்புவது என்று கேட்பவர்களுக்கு, அத்துறையைச் சாராத ஓர் ஆய்வையும் எடுத்துக்காட்டலாம். அது இந்த விஷயத்தை எளிதாக்காமல் சிக்கலாக்குகிறது என்பதனாலேயே அதற்கு மதிப்பு அதிகம். 2002-இல் பீட்டர் ஃபோர்ஸ்டரும் அவருடைய சகாக்களும் அதே கரையைச் சேர்ந்த குடும்பங்களையும், கதிர்வீச்சு குறைந்த அண்டைத் தீவுகளின் குடும்பங்களையும் ஒப்பிட்டு, 248 குடும்பங்களில் 988 பேருடைய மைட்டோகாண்ட்ரியா மரபுப்பொருளை வாசித்தனர். தாய்வழியே வரும் அந்தச் சிறு பகுதியில், கதிர்வீச்சு மிகுந்த இடத்துக் குடும்பங்களில் எழுத்து மாற்றங்கள் உண்மையிலேயே அதிகமாக இருந்தன. ஆனால் செர்னோபில் விபத்துக்கு ஆளானவர்களின் பிள்ளைகள் 130 பேரின் முழு மரபுத் தொகுதியையும் வாசித்து 2021-இல் வெளியிட்ட ஆய்வில், பெற்றோரிடம் இல்லாத புதிய மாற்றங்கள் வழக்கத்தைவிடக் கூடியிருக்கவில்லை. மாற்றம் வேறு, குறை வேறு. மாற்றங்கள் அனைத்தும் குறையாக மலர்வதில்லை என்பதே இவற்றைச் சேர்த்துப் பார்க்கும்போது தெளிவாகும் உண்மை. எண்ணிக்கையின் வலிமை இதுதான். அதன் எல்லையும் இங்கேதான் இருக்கிறது. பெருங்கூட்டத்தைப் பற்றி அது உறுதியாகப் பேசும். கூடங்குளத்துத் தெருவொன்றில், எட்டு மாதமாகியும் தலை நிற்காத தன் மகனை மடியில் வைத்துக்கொண்டிருக்கும் தாயிடம் சொல்ல அதனிடம் ஒரு சொல்லும் இல்லை.

அந்தத் தாய்க்கு விடை சொல்லக்கூடிய இரண்டாவது வழி பரம்பரையின் வழி. தமிழ்நாட்டில் மாமன் மகள், அத்தை மகள், அக்காள் மகள் என்று முறை பார்த்துக் கொள்வதும் கொடுப்பதும் நெடுங்கால வழக்கம். கணிதம் சொல்வது இது: ஏதேனும் ஒரு மரபணுவின் இரு பிரதிகளும் ஒரே மூதாதையிடமிருந்து வந்தனவாக இருக்கும் வாய்ப்பு, மாமன் மகளை மணந்தவர்களின் குழந்தைக்குப் பதினாறில் ஒன்று; அக்காள் மகளை மணந்தவர்களின் குழந்தைக்கு எட்டில் ஒன்று. நம் ஒவ்வொருவரிடமும் பழுதுற்ற பிரதிகள் சில மறைந்து கிடக்கின்றன. நல்ல பிரதியொன்று உடன் இருக்கும்வரை அவை தீங்கு செய்வதில்லை. இரண்டும் பழுதாக வந்து சேரும்போதுதான் குறை வெளிப்படுகிறது.

தாமிரபரணிக் கரையிலேயே இதற்குத் தக்க உதாரணம் உண்டு. பாளையங்கோட்டையில், 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஃபிளாரன்ஸ் ஸ்வெய்ன்சன் என்ற ஆங்கில மாது செவித்திறனற்ற குழந்தைகளுக்காகத் தொடங்கிய பள்ளி, இன்றும் அவர் பெயரைத் தாங்கி நடைபெறுகிறது. பிறவிச் செவிடு என்று ஒரே பெயரால் வழங்கினாலும் அதற்குக் காரணங்கள் பல; இந்தியாவில் அடிக்கடி காணப்படும் மரபுக் காரணங்களுள் ஒன்று, கனெக்ஸின் 26 என்ற புரதத்தின் மரபணுவில் நேர்ந்த ஒற்றை எழுத்து மாற்றம். 226 அமினோ அமிலங்களைக் கோத்து முடிக்க வேண்டிய இடத்தில், அந்த மாற்றத்தால் இருபத்துநான்காவதிலேயே வேலை நின்றுவிடுகிறது. உட்செவியின் அணுக்களுக்கிடையே வாயிலாக அமைய வேண்டிய புரதம் இல்லாமற்போவதால், பொட்டாசியம் செல்லும் வழி அடைபட்டு, செவி ஒலியை உணராமற் போகிறது. இந்த மாற்றம் அணு உலைகள் தோன்றுவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே நம் முன்னோர் ஒருவரிடம் தோன்றி, அகமணத்தின் வழியே நம்மிடையே பரவியது.

ஆனால் உறவு மணத்தையே எல்லாவற்றுக்கும் குற்றவாளியாக நிறுத்துவதும் நியாயமன்று. சொந்தத்தில் கொள்ளாவிட்டாலும் சாதிக்குள்ளேயே கொண்டுவந்த குழுக்கள் பலவற்றில் பழுதுற்ற பிரதிகள் செறிந்து கிடப்பதைத் தெற்காசியாவின் இருநூற்றறுபதுக்கு மேற்பட்ட குழுக்களை ஆராய்ந்து 2017-இல் வெளிவந்த ஆய்வு காட்டிற்று. அதுவுமன்றி, பெற்றோர் இருவரிடமும் இல்லாத புதிய மாற்றங்கள் அறுபது எழுபது வரையில் ஒவ்வொரு குழந்தையிலும் தோன்றுகின்றன. அவற்றில் பெரும்பங்கு தந்தையின் விந்தணுவில் தோன்றுவது. தந்தையின் வயது ஏற ஏற அதுவும் ஏறுகிறது. பிரிட்டனில் வளர்ச்சிக் குறைபாடுள்ள 4,293 குழந்தைகளின் குடும்பங்களை ஆராய்ந்தவர்கள், ஏறத்தாழ 42 சதவிகிதத்தினரின் குறைக்கு இத்தகைய புதிய மாற்றங்களே காரணம் என்று 2017-இல் கணித்தார்கள். தாயின் தலையில் பழியை ஏற்றும் நம் வழக்கத்துக்கு இதைவிடத் தக்க மறுப்பு வேறு வேண்டுவதில்லை.

பழுதுற்ற மரபணு இன்னதென்று தெரிந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அது எவ்வாறு குறையாக மாறிற்று என்பது அப்போதும் இருளிலேயே இருக்கிறது. பத்தமடையில் கோரைப்பாய் நெய்வோரிடம் கேட்டால், நெய்து முடித்த பாயில் தெரியும் கோணலைக் கொண்டு எந்த இடத்தில் எந்தக் கோரை பிசகியது என்று சொல்வது அரிது, முதல் கோரை ஏறும்போதே தறியருகே இருந்திருக்க வேண்டும் என்பார்கள். குழந்தையின் மூளையைப் பொறுத்தவரை நம் நிலையும் அதுவே. குறை கண்ணில் படும்போது நெசவு முடிந்து பல மாதங்களாகின்றன. கர்ப்பத்தினுள் நடந்த அந்த நெசவை எட்டிப்பார்க்க வழியுமில்லை, அதற்கு எவருக்கும் உரிமையுமில்லை.

கர்ப்பத்தினுள் நுழையாமலே அந்த நெசவை மறுபடி காணும் மூன்றாவது வழியைத் திறந்தவர் ஜப்பானிய விஞ்ஞானி ஷின்யா யமனாக்கா. முதிர்ந்த உயிரணு தன் இளமையைத் திரும்பப் பெறாது என்று கொள்ளப்பட்டுவந்த கருத்தை, 1962-லேயே ஜான் கர்டன் தவளையின் குடலணுக் கருவைக் கொண்டு அசைத்திருந்தார். 2006-இல் யமனாக்கா, நான்கே மரபணுக்களைச் செலுத்தி, எலியின் தோலணுவை எந்த உறுப்பாகவும் வளரவல்ல குருத்தணுவாக, அதாவது ஸ்டெம் செல்லாக, மாற்றிக் காட்டினார்; மறு ஆண்டிலேயே மனித அணுவிலும் அது கைகூடிற்று. 2012-இல் இருவருக்கும் சேர்த்து நோபல் பரிசு வழங்கப்பட்டது. இதன் பொருளை நிதானமாக எண்ணிப் பார்க்க வேண்டும். குறையோடு பிறந்த ஒரு சிறுவனின் கையிலிருந்து சிறிது இரத்தம் எடுத்தால் போதும். அதே மரபணுக்கள், அதே எழுத்துப் பிழை கொண்ட குருத்தணுக்களை உண்டாக்கி, அவற்றை நரம்பணுக்களாக வளர்த்து, அவனுடைய மூளை உருவானபோது நடந்திருக்கக்கூடிய நிகழ்ச்சிகளைக் கண்ணாடித் தட்டில் மறுபடி நடக்கச் செய்யலாம். அனுமானமாக இருந்தது பிரத்தியட்சத்துக்கு மிக அருகில் வந்துவிடுகிறது.

இந்த வேலையின் பாரத்தைச் சுமப்பவர்கள் பெரும்பாலும், முனைவர் பட்டம் பெற்றும் நிரந்தர வேலை பெறாத, ஆய்வுக்கூடங்களில் 'போஸ்ட்டாக்' என்று அழைக்கப்படும் இளம் ஆராய்ச்சியாளர்கள். வெளியே செருப்பைக் கழற்றி, உள்ளே வேறு செருப்பணிந்து, கையுறையின்மீது எழுபது சதவிகித ஆல்கஹாலைத் தெளித்துத் துடைத்துக்கொண்டு, வடிகட்டிய காற்று வீசும் கண்ணாடிப் பேழையின் முன் அமரும் அத்தகையவர் ஒருவர், 37 டிகிரி வெப்பத்தில் இருந்த ஆறு குழித் தட்டை வெளியே எடுத்து நுண்ணோக்கியின் கீழ் வைக்கிறார். நல்ல குருத்தணுக்கள் நெருங்கித் தட்டையாகப் படிந்து, கத்தியால் நறுக்கியது போன்ற விளிம்போடு தீவு தீவாகத் தெரியும். ஓரங்களில் அணுக்கள் நீண்டு கலைந்திருந்தால், அவை குருத்துத் தன்மையை இழந்துவிட்டன என்று பொருள். அவற்றைக் குழாய் முனையால் சுரண்டி அகற்றிவிட்டு, பழைய ஊட்டநீரை உறிஞ்சி எடுத்துப் புதியதை ஊற்ற வேண்டும். இதை நாள்தோறும் செய்ய வேண்டும்; ஞாயிறென்றும் பொங்கலென்றும் அணுக்களுக்குத் தெரியாது. இரத்த அணுவிலிருந்து முதல் தீவு தோன்றவே மூன்று நான்கு வாரங்கள் செல்லும். தோன்றியவற்றுள் 46 குரோமோசோம்களும் சிதையாமல் இருப்பவற்றைத் தெரிந்து, கண்ணுக்குப் புலப்படாத மைக்கோபிளாஸ்மா கிருமி நுழையவில்லை என்று உறுதி செய்து, ஒரு பங்கைத் திரவ நைட்ரஜனில் உறையவைத்து, மறு பங்கை நரம்பணுவாக வளர்த்து முடிப்பதற்குள் மாதங்கள் பல கழிந்துவிடும்.

அதற்குப் பின்னும் ஒரு பெரிய தடை உண்டு. இரு மனிதரின் அணுக்கள் ஒன்றுக்கொன்று வேறுபடுவதற்கு ஆயிரம் காரணங்கள் இருக்க, நோயுற்றவரின் அணுவில் கண்ட வேறுபாடு அந்த ஒரு பிழையால்தான் நேர்ந்தது என்று எப்படிச் சொல்வது? கிரிஸ்பர் என்னும் மரபணுக் கத்தரியைக் கொண்டு, நோயாளியின் அணுவில் அந்தப் பிழையை மட்டும் திருத்தி, மற்ற எல்லாவற்றிலும் அதனோடு ஒத்த துணை அணுவொன்றை உண்டாக்க வேண்டும். அல்லது நல்ல அணுவில் அந்தப் பிழையை மட்டும் ஏற்படுத்திப் பார்க்க வேண்டும். திருத்தினால் குறை மறைய வேண்டும், ஏற்படுத்தினால் தோன்ற வேண்டும். அப்போதுதான் காரணகாரியத் தொடர்பு நிலைநாட்டப்பட்டதாகும். கேரளக் கரையில் லட்சத்துக்கு மேற்பட்ட சிசுக்களை எண்ணியும் கிட்டாத நிரூபணம் இது. எண்ணியவர்களிடம் குறைவு இருந்ததால் அன்று, கேள்வியே வேறானதால்.

பெங்களூரிலுள்ள தேசிய உயிரியல் அறிவியல் மையத்தில், ரகு படிஞ்ஞாட் என்பவரின் ஆய்வுக்குழு லோவ் நோய்க்குறியைப் பற்றிச் செய்துவரும் ஆராய்ச்சி இவ்வழிக்கு நம் நாட்டு உதாரணம். 1952-இல் முதன்முதல் விவரிக்கப்பட்ட இந்த அரிய நோய் எக்ஸ் குரோமோசோமின் வழியே வருவதால், ஏறக்குறைய ஆண் குழந்தைகளையே தாக்கும். பிறவியிலேயே கண்ணில் புரை, சிறுநீரகக் கோளாறு, தசைத் தளர்ச்சி, அறிவு வளர்ச்சிக் குறைவு ஆகியவை அதன் அடையாளங்கள். ஓசிஆர்எல் என்னும் மரபணு உண்டாக்கும் நொதி, உயிரணுவின் படலத்திலுள்ள ஒருவகைக் கொழுப்பிலிருந்து ஒரு பாஸ்பேட்டை நீக்குகிறது. அந்த நொதி பழுதாவதே நோயின் மூலம் என்பது முன்பே தெரிந்திருந்தது. இவ்வகைக் கொழுப்புகளைப் பழ ஈயின் கண்ணில் நெடுங்காலம் ஆராய்ந்த அக்குழுவினர், இந்நோய் கண்ட இந்தியக் குடும்பமொன்றின் இரத்த அணுக்களிலிருந்து குருத்தணுக்களை உருவாக்கி, அவற்றை நரம்பணுக்களாக வளர்த்தனர். நரம்பணுக்கள் தம்முள் கால்சியம் ஏறி இறங்கத் துடிக்கும் வழக்கமான முதிர்ச்சி, நோயுற்ற அணுக்களில் தாமதித்தே வந்தது. நரம்பணுக்களைத் தாங்கி நிற்கும் கிளையா வகையின் இயல்புகள் மிகுதியாக வெளிப்பட்டன. அந்தக் குழந்தைகளின் மூளையில் எந்தப் பாகமும் இல்லாமற்போய்விடவில்லை, பாகங்கள் அமையும் காலமும் அளவும் பிசகின என்று நினைக்க இது இடம் தருகிறது.

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் குருத்தணு ஆராய்ச்சி மையமும், ஃபான்கோனி இரத்தசோகை முதலிய பரம்பரை நோய்களை இதே முறையால் ஆராய்ந்து வருகிறது. இவற்றில் எதுவும் இன்று வரை ஒரு குழந்தையின் மூளையைத் திருத்தும் சிகிச்சையாக முதிரவில்லை என்பதை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். ஏனெனில், ஆய்வுக்கூடத்தின் பெயரைச் சொல்லி, மூளைவாதமும் ஆட்டிசமும் உள்ள குழந்தைகளுக்கு 'ஸ்டெம் செல் ஊசி' போடுவதாக விளம்பரம் செய்து, நகையை அடகு வைக்கும் பெற்றோரிடம் லட்சக்கணக்கில் பெறுவோர் இருக்கிறார்கள். இரத்த நோய்கள் சிலவற்றுக்குச் செய்யும் மஜ்ஜை மாற்றம் முதலிய அங்கீகரிக்கப்பட்டவை தவிர, அனுமதி பெற்ற மருத்துவப் பரிசோதனைக்கு வெளியே குருத்தணுவைச் சிகிச்சையாக அளிக்கலாகாது என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017-ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிகள் தெளிவாகக் கூறுகின்றன. உண்மையான பரிசோதனையில் சேர்பவரிடம் பணம் கேட்கமாட்டார்கள். கேட்டால் அது பரிசோதனை அன்று, வியாபாரம்.

அப்படியானால் இந்த அறிவால் குடும்பத்துக்கு இப்போது என்ன பயன் என்று கேட்கலாம். பழுதுற்ற மரபணு இன்னதென்று தெரிந்தால், அடுத்த பிள்ளைக்கு அது வரக்கூடிய வாய்ப்பைச் சொல்ல முடியும். லோவ் போன்ற நோயில், தாயின் சகோதரிகள் அதைச் சுமப்பவர்களா என்று சோதித்தறிய முடியும். யார்மீதும் பழி இல்லை என்பதை மருத்துவர் ஆதாரத்தோடு எடுத்துச் சொல்ல முடியும். குறையோடு பிறந்த பிள்ளைக்கோ, காரணம் தெரியும்வரை காத்திராத உதவி வேண்டும். 2013 முதல் நடைபெறும் ராஷ்டிரிய பால ஸ்வாஸ்திய காரியக்ரம் திட்டத்தின்கீழ் அங்கன்வாடிகளிலும் பள்ளிகளிலும் குழந்தைகளைச் சோதித்து மாவட்ட மையத்துக்கு அனுப்புகிறார்கள். தென்காசியை அடுத்த ஆய்க்குடியில், விபத்தில் கைகால் செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன் 1981-இல் தொடங்கிய அமர் சேவா சங்கம், கிராமத்துப் பெண்களையே பயிற்றுவித்து, வளர்ச்சி தாமதித்த குழந்தைகளின் வீடுகளுக்கு அனுப்பி, உட்காரவும் பற்றவும் பேசவும் பழக்குகிறது. மூளை இன்னும் வளர்ந்துகொண்டிருக்கும் முதல் சில ஆண்டுகளிலேயே அப்பயிற்சி தொடங்க வேண்டும்.

கூடங்குளத்துக்கு வேண்டியது இதற்கு மேலும் ஒன்று. உலையைச் சூழ்ந்த ஊர்களில் பிறக்கும் சிசு ஒவ்வொன்றையும் நெடுங்காலம் பார்த்துப் பதிவு செய்து, அந்தப் பதிவைச் சுற்றுவட்டாரத்துப் பள்ளி ஆசிரியரும் வாசித்து வினவும்படி தமிழிலேயே ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். குறை கண்ட குடும்பம் விரும்பினால், அதன் மரபணுவை வாசிக்கவும், அரியதாயின் அணுவைக் குருத்தணுவாக்கி ஆராயவும் அரசாங்கச் செலவில் வசதி செய்ய வேண்டும். எண்ணிக்கை உலையைப் பற்றிய கேள்விக்கு விடை தரும். பரம்பரை குடும்பத்தின் கேள்விக்கு விடை தரும். உயிரணு நோயின் கேள்விக்கு விடை தரும். ஒன்றின் விடையை மற்றொன்றின் கேள்விக்குப் பொருத்தும் வரையில், உலையை ஆதரிப்பவரும் எதிர்ப்பவரும் தத்தமக்கு வேண்டிய குழந்தையைச் சாட்சிக்கு இழுத்துக்கொண்டிருப்பார்களேயன்றி, அந்தக் குழந்தைக்கு ஒரு பயனும் விளையாது.